மலிக்குத் தீவும் மாசிக் கருவாடும்



தூத்துக்குடி, காயல்பட்டினம், இராமேசுவரம் பக்கத்துச் சமையலறைகளிலும் யாழ்ப்பாணம், கொழும்பு வீடுகளிலும் மாசி என்றொரு பொருள் உண்டு. பார்வைக்குக் கருகிய விறகுத் துண்டு போல இருக்கும். கல்லில் வைத்துத் தட்டினால்தான் உடையும். உடைத்துப் பொடித்துத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்தால் சம்பலாகும். சூரை மீனை நீரிலிட்டு அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி எடுத்த பண்டம் அது. மாலைத்தீவின் திவேகி மொழியில் மஸ் என்றால் மீன். அந்தச் சொல்தான் கடல் கடந்து வந்து தமிழில் மாசியாயிற்று. அதே மொழியின் கிளையைப் பேசி அதே தொழிலைச் செய்யும் மக்கள் இந்தியாவுக்குள்ளும் ஒரு தீவில் வாழ்கின்றனர். வரைபடத்தில் அதன் பெயர் மினிக்காய். அங்குப் பிறந்தவர்கள் அதனை மலிக்கு என்பர்.

இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில், கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், மற்றெல்லாத் தீவுகளிலிருந்தும் விலகி நிற்பது மலிக்கு. வடக்கே ஒன்பது பாகைக் கால்வாயும் தெற்கே எட்டு பாகைக் கால்வாயும் அதனைப் பிரித்து வைத்துள்ளன. பிறை வடிவில் 10 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இத்தீவின் பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 10,000 பேருக்குச் சற்று மிகுதி. பிறையின் மேற்குப் புறத்தில், பவளத் திட்டு வளைத்துக் காக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு 30 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்துள்ளது. அதனைத் தமிழில் காயல் எனலாம். ஈழத்தார் களப்பு என்பர். இன்றைய பேச்சு பெரும்பாலும் இந்தக் காயலைப் பற்றியதே. நிலத்தைப் போல் ஆறு மடங்கு பரந்த இந்த நீருக்குள்தான் அத்தீவின் பிழைப்பு இருக்கிறது.

பெருங்குடியில் கூடியிருக்கும் அவைக்கு அந்தத் தீவு முற்றிலும் அயலானதன்று. முதலாம் இராசராசன் கடல் நடுவே பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாக மெய்க்கீர்த்தி கூறும். மாலைத்தீவுகளே அவை என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்கை. அது ஆயிரம் ஆண்டுப் பழங்கதை என்று தள்ளினாலும், அண்மை வரலாறு ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. மினிக்காயும் இலக்கத்தீவுகளும் மலபார் மாவட்டத்தோடும், அமினித் தீவுகள் தென் கன்னட மாவட்டத்தோடும் இணைந்திருந்தன. மொழிவழி மாநிலங்கள் அமைந்த அதே நாளில் அவை ஒன்றிய ஆட்சிப் பகுதியாயின. இலட்சத்தீவு என்னும் பெயர் 1973இல் வந்தது. கோட்டையில் கோப்பாக இருந்த தீவுகளைச் சென்னை மறந்தது அதற்குப் பிறகுதான். 2024 சனவரியில் பிரதமர் அங்குச் சென்று வந்து, படங்கள் வெளியாகி, மாலைத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் இழிமொழி பேசி, அதற்கு மறுமொழியாக இந்தியாவில் பலர் மாலைத்தீவுப் பயணத்தைக் கைவிட்டு இலட்சத்தீவைத் தேடத் தொடங்கியபோதுதான், இங்குள்ள பலரும் அப்பெயரை மீண்டும் உச்சரித்தனர்.

அந்த நாட்களில் எங்கும் பரவிய படங்களை இலக்கணம் கற்றோர் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். வெண்மணல், நீலப் பச்சை நீர், ஒரு தென்னை, வெறுமையான ஒரு சாய்வு நாற்காலி. தொல்காப்பியம் திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றை வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து உணவும், விலங்கும், பறவையும், தொழிலும், பறையும், தெய்வமும் கரு. அங்கு வாழும் மனத்தின் ஒழுக்கம் உரி. சுற்றுலா விளம்பரப் படத்தில் முதற்பொருள் குறைவின்றி உண்டு. கருப்பொருள் கவனமாக நீக்கப்பட்டிருக்கிறது. மீன் நாற்றம் இல்லை, வலை இல்லை, படகுத் துறை இல்லை, மாசி அவிக்கும் அடுப்பின் கரி இல்லை. உரிப்பொருளோ பார்ப்பவனுடைய ஓய்வு. அங்கு வாழ்பவனுடைய இரக்கம் அன்று. மக்களை அகற்றிய நிலம் விற்பனைக்கு எளிது என்பதை விளம்பரக்காரர் தொல்காப்பியம் படியாமலே அறிந்திருக்கிறார்கள்.

கவிஞர்களும் இக்குற்றத்தில் பங்குடையவர்களே. தற்காலத் தமிழ்க் கவிதையில் தீவு என்ற சொல் வரும் இடங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் அது தனிமைக்கு உவமை. கூட்டத்தின் நடுவில் தனித்திருப்பவன் தீவு. பிரிந்த காதலர் இரு தீவுகள். மலிக்கில் வாழ்பவரிடம் இந்த உவமையைச் சொன்னால் அவருக்கு விளங்காது. நெருக்கமும் கட்டுப்பாடும் கூட்டுழைப்பும் மிகுந்த ஊர் அது. தீவு முழுவதும் சில ஊர்களாகப் பிரிந்து, ஒவ்வோர் ஊருக்கும் ஆடவர்க்கு ஒரு தலைவரும் பெண்டிர்க்கு ஒரு தலைவியும் உண்டு. மூப்பன், மூப்பத்தி என்று அவர்களை மலையாளத்தில் குறிப்பர். தமிழுக்கு உறவான சொற்கள். படகை இழுத்துக் கரையேற்றுவது முதல் திருமணம் வரை ஊர் கூடித்தான் நடக்கும். ஆண்கள் பல தலைமுறையாக உலகக் கப்பல்களில் மாலுமிகளாகச் சென்று வந்தவர்கள். ஆகவே ஊரை நடத்துவதில் பெண்களின் கை ஓங்கியிருந்தது. மார்க்கோ போலோ குறித்த பெண்கள் தீவு இதுவே என்று கருதுவோரும் உண்டு. அவர்களுடைய மகல் மொழியைத் தானா எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவர். அந்த நெடுங்கணக்கின் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவிலிருந்து பிறந்தவை. எண்ணும் எழுத்தும் கண் என்பார்க்கு இச்செய்தி சுவைக்கும்.

இனிக் காயலுக்கு வரலாம்.

மலிக்கின் சூரை வேட்டை தூண்டிற்கோலால் நடப்பது. பெருவலை கிடையாது. விடியலில் படகு முதலில் ஆழ்கடலுக்குச் செல்வதில்லை, காயலுக்குள்தான் செல்கிறது. அங்கே பவளப் பாறைகளின் ஓரத்திலும் மணல் திட்டின் மேலும் திரியும் விரலளவுச் சிறுமீன்களை வலையை விரித்துத் தாழ்த்தி, மேலே தூக்கிப் பிடிக்கின்றனர். அவற்றுள் ஒன்றின் பெயர் ஹொந்தெலி. பிடித்த மீன்களைக் கொல்லாமல், கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி அமைத்த படகின் தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வர். அதன் பிறகே கால்வாய்க் கடலுக்குப் பயணம். கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தில் சூரைக் கூட்டம் இருக்கும். உயிருள்ள சிறுமீன்களை அள்ளி வீசி, நீரைச் சிதறவைத்து, இரை மிகுதியாக இருப்பது போன்ற மயக்கத்தை உண்டாக்குவர். வெறிகொண்டு மேலெழும் சூரைகளை முள்ளில்லாத தூண்டிலால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுண்டிப் படகுக்குள் எறிவர். தூண்டிலில் எதிர்முள் இல்லாததால் மீன் தானே கழன்று விழும். கை அடுத்த வீச்சுக்குப் போய்விடும். குஞ்சு மீனும் ஆமையும் சுறாவும் வீணாக மாட்டிக்கொள்ளாத இம்முறையை உலகின் மீன்வள அறிஞர்கள் இன்று மெச்சுகின்றனர். மலிக்கினர் அதை மெச்சுவதற்காகச் செய்யவில்லை. பிறர் முறைகள் வந்து சேருமுன்பே அது அவர்களுடைய வழக்கம்.

இதன் கணக்கு எளியது. காயலில் சிறுமீன் இல்லையெனில் வெளிக்கடலில் சூரை இல்லை. சூரை இல்லையெனில் மாசி இல்லை. 1969 முதல் அத்தீவில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கும் வேலை இல்லை. சிறுமீனில் பல வகைகள் உயிருள்ள பவளக் கிளைகளுக்கிடையே ஒளிந்து வளர்பவை. எனவே பவளம் என்பது அங்கு அழகுப் பொருள் அன்று, தொழிற்கருவி. பயணி காலை எழுந்து, கண்ணாடித் தரை வழியே கீழே பார்த்து மகிழ நினைக்கும் அந்த நீலப்பரப்பு, மீனவனுக்கு நெசவாளியின் தறி போன்றது. தறியின் மேல் விருந்தினர்க்குப் பந்தல் போட முடியாது என்று சொல்வதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

அவ்வாறு பந்தல் போடும் திட்டம்தான் வந்தது. 2021இல் இலட்சத்தீவு நிருவாகம் மினிக்காய், கத்மத், சுகேலி ஆகிய மூன்று தீவுகளிலும் கரைக்குடில்களும், காயல் நீரில் தூண்கள் நட்டு அவற்றின் மேல் நீர்க்குடில்களும் அமைக்க உலகளாவிய ஏலத்துக்கு அழைப்பு விடுத்தது. மொத்தம் 370 குடில்கள். முதலீடு ஏறத்தாழ 800 கோடி ரூபாய். மினிக்காய்க்கு ஒதுக்கியவை 150. சூழல் சுற்றுலா என்று அதற்குப் பெயர் சூட்டினர். 2023 சனவரியில் தாஜ் விடுதிகளை நடத்தும் இந்தியன் ஓட்டல்கள் நிறுவனம் சுகேலியிலும் கத்மத்திலும் இரு விடுதிகள் கட்ட ஒப்பந்தம் செய்திருப்பதாக அறிவித்தது. ஒவ்வொன்றிலும் 110 அறைகள். அவற்றுள் சுகேலியில் 50உம் கத்மத்தில் 35உம் நீர்மேல் அமைபவை.

தூண் நட்டால் என்ன கெடும் என்று கேட்பவர் உண்டு. தூணுக்குத் துளையிடும்போது கிளம்பும் சேற்று மணல் பவளத்தின் மேல் படிந்து அதனை மூச்சடைக்கச் செய்யும். குடிலின் நிழல் விழும் இடத்தில் கடற்புல்லும் பவளமும் ஒளியின்றி நலியும். பவளத்துக்குள் வாழும் நுண்பாசி ஒளியைக் கொண்டே அதற்கு உணவு சமைக்கிறது. படகுத் தடத்துக்காக ஆழப்படுத்தினால் நீரோட்டம் திசை மாறும், மணல் வேறு பக்கம் போகும். இவையெல்லாம் நலமான காயலுக்கே தீங்கு. இலட்சத்தீவின் காயல்கள் நலமாக இல்லை.

1998இல் கடல் வெப்பம் மிகுந்து உலகெங்கும் பவளங்கள் வெளுத்தபோது இலட்சத்தீவின் பவளங்களும் வெளுத்தன. வெளுத்தல் என்பது நிறம் போவது மட்டுமன்று. வெப்பம் தாங்காத பவளம் தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. வெப்பம் நீடித்தால் பட்டினியால் சாகிறது. 2010இலும் 2016இலும் மீண்டும் அதுவே நிகழ்ந்தது. 2024இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் மற்றுமொரு கடுமையான வெளுப்பை அங்குக் கண்டனர். கால் நூற்றாண்டாகச் சில தீவுகளைத் தொடர்ந்து அளந்துவரும் ஆய்வாளர்களின் கணக்கில், 1998இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்த பவளப் பரப்பு 2022இல் 20 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஒவ்வொரு வெளுப்புக்குப் பின்னும் பவளம் மீளத்தான் செய்கிறது. ஆனால் மீள்வதற்கு வேண்டிய ஆண்டுகள் இரு வெப்பங்களுக்கு இடையே கிடைப்பதில்லை. நோயாளி எழுந்து உட்காரும் முன்பே அடுத்த காய்ச்சல் வந்துவிடுகிறது. அந்த நோயாளியின் மேல்தான் தூண் நடும் திட்டம்.

பவளம் போனால் தீவே போகும் என்பது கவிதை மிகை அன்று. பவளத் தீவில் பாறையும் மலையும் இல்லை. பவளம் உடைந்து பொடிந்த மணலே நிலம். கடலின் மட்டத்துக்கு மேல் சில அடி உயரமே. உயிருள்ள பவளத் திட்டு அலையின் வேகத்தை வெளியிலேயே முறித்து, கரைக்குப் புதுமணலும் தருகிறது. திட்டு செத்தால் அலை நேரே கரையைத் தின்னும். பங்காரம் தீவின் அருகே பறளி என்னும் ஆளில்லாச் சிறு தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 1968இல் மூன்று எக்டேர் அளவில் இருந்தது. 2017இல் வெளிவந்த ஆய்வு அது முழுவதும் கரைந்து போனதைப் பதிவு செய்தது. அதற்கு இரங்கற்பா பாடியவர் எவருமில்லை.

அடுத்தது நீர். இது பற்றிப் பேசப் பெருங்குடியைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

பவளத் தீவில் ஆறோ ஏரியோ கிடையாது. பெய்த மழை மணலில் இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் ஒரு கண்ணாடி வில்லை வடிவில் அந்நன்னீர் நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், மேலே ஓரடி இறைத்து வற்றச்செய்தால் கீழிருந்து நாற்பதடி உப்பு ஏறும். மலிக்கினர் ஆழக் குழாய்க் கிணறு தோண்டாமல், ஆழமற்ற கிணற்றிலிருந்து சிறிது சிறிதாக முகந்து வாழ்ந்ததன் அறிவு இதுவே. மக்கள்தொகை பெருகி, மின்னிறைப்பு வந்து, கழிவுநீர்க் குழிகள் கிணற்றுக்கு அருகில் அமைந்தபோது அந்த வில்லை மெலியவும் அழுக்கடையவும் தொடங்கியது.

இதற்கு மருந்து சென்னையிலிருந்து போயிற்று. இங்கிருந்து கூப்பிடு தொலைவில், பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள் 2005இல் கவரத்தியிலும் 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை நிறுவினர். வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் விட்டால், கொதிக்கவைக்காமலே ஒரு பகுதி ஆவியாகிறது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து நீண்ட குழாய் வழியே ஏற்றிய குளிர்நீரைக் கொண்டு அவ்வாவியைக் குளிரச்செய்தால் நன்னீர் கிடைக்கிறது. வேதிப்பொருள் தேவையில்லை. கரையை ஒட்டியே ஆழ்கடல் இருக்கும் பவளத் தீவுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறொன்று இருக்க முடியாது. தமிழ்நாட்டு மண்ணில் உருவான ஓர் அறிவியல் சாதனை அது. மேடைகளில் அதிகம் புகழப்படாதது.

அதன் அளவையும் பார்க்க வேண்டும். மினிக்காய் நிலையம் நாளொன்றுக்குத் தரும் நீர் 1 இலட்சம் லிட்டர். 10,000 பேருக்குச் சற்று மிகுதியானோர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்து லிட்டர் தேறாது. குடிக்கவும் சமைக்கவும் போதும். சென்னைக் கணக்கில் சொன்னால் 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி எட்டரை லாரி கூட இல்லை. 2019 கோடையில் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களும் மென்பொருள் நிறுவனங்களும் லாரிக்குக் காத்திருந்ததையும், சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதையும் இந்த அவையோர் அறிவர். ஒரு பெரிய குடியிருப்பின் வாயிலில் நின்ற லாரிகள்தான் ஒரு தீவு முழுவதற்குமான குடிநீர். அந்தப் பங்கில் 150 குடில்களின் குளியல் தொட்டிகளும் நீச்சற்குளமும் வெள்ளை விரிப்புகளின் சலவையும் வந்து சேர்ந்தால் யாருடைய குடத்தில் குறையும் என்பது வினா. விடுதிக்காரர் தனியே ஒரு நிலையம் வைத்துக்கொள்வர் எனலாம். வைத்தால் அதை ஓட்ட மின்சாரம் வேண்டும். தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி பல்லாண்டாகக் கப்பலில் வரும் டீசலில் எரிந்தே பிறந்தது.

அதன்பின் குப்பை. மாலைத்தீவில் சுற்றுலா 1972இல் தொடங்கியது. ஆளில்லாத தீவொன்றுக்கு ஒரு விடுதி என்பது அவர்கள் கொள்கை. அந்நாடு அதனால் செல்வம் பெற்றது உண்மை. 2024இல் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அங்குச் சென்றனர். அந்நாட்டின் மக்கள்தொகை அதில் கால்பங்குதான். ஆனால் மாலே நகரின் அருகே திலபுசி என்றொரு இடமும் உண்டு. 1992 வரை அது காயலாக இருந்தது. குப்பையைக் கொட்டிக் கொட்டி அதைத் தீவாக்கினர். புகைந்துகொண்டே இருந்த அத்தீவின் படம் எந்த விளம்பரத்திலும் இல்லை. பெருங்குடி மக்களுக்குத் திலபுசியை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல் 1980களிலிருந்து சென்னையின் குப்பை குவிந்ததும், 2022 ஏப்ரலில் அது பற்றியெரிந்து நாட்கணக்கில் புகை சூழ்ந்ததும், அதே ஆண்டு சூலையில் எஞ்சிய சதுப்பு ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டதும் இங்கு நிகழ்ந்தவை. பத்தில் ஒன்பது பங்கை இழந்தபின் பட்டம் கிடைத்தது. துரைப்பாக்கம், ஈஞ்சம்பாக்கம் என்று இப்பகுதியின் பெயர்கள் நெய்தல் நிலத்துப் பாக்கங்களை இன்னும் நினைவூட்டுகின்றன. பெயர் நிற்க நிலம் மாறுவதை இவ்வூர் ஒரு தலைமுறைக்குள் பார்த்துவிட்டது. 5 சதுர கிலோமீட்டர்த் தீவுக்கு ஒரு தலைமுறைக் காலம் வேண்டியதில்லை. குப்பை கொட்ட அங்கு ஒரு பெருங்குடி இல்லை, காயல்தான் உண்டு.

இவற்றால் சுற்றுலாவே கூடாதென்று தீவினர் சொல்கிறார்கள் என்று கொள்வது தவறாகும். சொல்லவில்லை. 1980களின் இறுதியிலேயே ஆளில்லாத பங்காரம் தீவில் தனியார் விடுதி ஒன்று குறைந்த எண்ணிக்கைக் குடில்களோடு தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தது. அகத்தியில் 1988இல் வானூர்தித் தளம் வந்தது. கப்பலில் வந்து பகலில் தீவைப் பார்த்து இரவில் கப்பலுக்கே திரும்பும் முறையும் நெடுங்காலம் இருந்தது. அந்த ஏற்பாட்டில் பயணியின் கழிவும் தண்ணீர்த் தேவையும் கப்பலோடு போய்விடும். அழகற்றதாயினும் அறிவுள்ள ஏற்பாடு. உச்ச நீதிமன்றம் 2012இல் அமைத்த நீதியரசர் இரவீந்திரன் குழு, ஒவ்வொரு தீவும் எவ்வளவு தாங்கும் என்று அளந்து அதற்குட்பட்டே வளர்ச்சி வேண்டும் என்ற வழியைக் காட்டியது. தாங்குதிறன் என்னும் அச்சொல் பின்னர் வந்த ஆர்ப்பாட்டத்தில் அமுங்கிப்போயிற்று.

தீவினர் கேட்பவை வேறு. கொச்சிக்குக் கப்பல் சீட்டுக் கிடைக்க வேண்டும் என்கின்றனர். கப்பல்கள் குறைந்து, மருத்துவத்துக்கு வந்தவர்களும் மாணவர்களும் ஊர் திரும்பக் கொச்சியில் நாட்கணக்கில் காத்திருந்தது அண்மை ஆண்டுகளின் பெருந்துன்பம். நோய் முற்றினால் உலங்கூர்தி வர வேண்டும். வானிலை இடம்தர வேண்டும். பிடித்த சூரையைக் குளிரில் வைக்கவும் உரிய விலைக்கு விற்கவும் வழி வேண்டும் என்கின்றனர். விருந்தினர் வந்தால் தங்கள் வீடுகளிலேயே தங்கவைக்க ஒப்புதல் வேண்டும் என்கின்றனர். வளர்ச்சி என்று அவர்கள் சொல்வது இதனை. 800 கோடி ரூபாய்க்கு எத்தனை கப்பல் என்று ஒரு பள்ளி மாணவன் கேட்டால் விடை சொல்வது கடினம்.

2021இல் நிகழ்ந்தவற்றையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு நிருவாகம் சில வரைவு விதிகளை வெளியிட்டது. வளர்ச்சிக்கெனக் குறித்த எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளவும் அங்கிருப்போரை இடம்பெயர்க்கவும் இடம்தரும் விதி அவற்றுள் ஒன்று. பெருந்தொற்றுக் காலத்தில், மிகக் குறுகிய நாட்களுக்குள் மக்கள் கருத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. கரையோரத்தில் மீனவர் படகும் வலையும் வைத்திருந்த கொட்டகைகள் இடிக்கப்பட்டன. தீவினர் கடலுக்குள் மூழ்கி, பதாகை பிடித்து, வீட்டு வாயிலில் உண்ணாநோன்பிருந்து எதிர்த்தனர். கேரளச் சட்டமன்றம் மே 31 அன்று ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. தீவின் நிலம் பழங்குடியினர்க்கே உரியது, வெளியார் வாங்க இயலாது என்ற பழைய காப்பு அன்று முதன்முறையாக ஆட்டம் கண்டது.

நிலம் பற்றிய சொல் ஒன்றை இவ்விடத்தில் குறிக்காமல் இருக்க முடியாது. அங்கே அரசுக்குரியதாகக் கருதப்பட்டு, தலைமுறைகளாகத் தீவினர் தென்னை வைத்து வாழும் நிலங்களுக்குப் பண்டாரம் நிலம் என்று பெயர். தமிழில் பண்டாரம் கருவூலம், சேமிப்பிடம். கண்ணூர் அறக்கல் அரசின் கருவூலத்துக்கு உரிய நிலம் என்ற பொருளில் அச்சொல் கடலில் இறங்கித் தீவேறியது. 2024இல் அந்நிலங்களை அளந்து எடுத்துக்கொள்ள ஆணை பிறந்தது. மக்கள் அளவைக்காரரை மறித்தனர். வழக்கு கேரள உயர்நீதிமன்றம் சென்றது. கருவூலம் யாருடையது, அதில் தென்னை நட்டவனுக்குப் பங்குண்டா என்பதே வழக்கின் உயிர்நாடி. சொல்லாராய்ச்சியில் நாட்டமுடைய இவ்வட்டத்தினர்க்கு அகராதியில் ஒரு வரியாக நிற்கும் சொல், ஓர் ஊரின் வீட்டு வாயிலில் வழக்காக நிற்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் கதை வருகிறது. கலம் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் கரையில் ஒதுங்குகிறான். அங்குள்ளோர் அவனைக் கொல்ல வருகின்றனர். அவன் உயிர் தப்பியது வீரத்தால் அன்று, பொருளால் அன்று. அவர்களுடைய மொழியை அவன் அறிந்திருந்தமையால். தலைவன் மகிழ்ந்து கள்ளும் ஊனும் பெண்ணும் தரச் சொல்கிறான். சாதுவன் மூன்றையும் மறுக்கிறான். இன்றைய உல்லாச விடுதியின் விருந்தோம்பல் பட்டியல் பெரிதும் அந்த மூன்றைச் சுற்றியே அமைந்திருப்பது வியப்புத்தான். மது விலக்குள்ள தீவுகளில் விருந்தினர்க்கு மட்டும் விலக்குத் தளர்த்துவது பற்றிய பேச்சு 2021இல் எழுந்ததும் அதன்பாற்பட்டதே. சாத்தனார் அக்கதையைச் சமயப் பரப்புதலுக்காகவே வைத்தார். நாகரைத் திருத்த வந்தவனாகவே சாதுவனைப் படைத்தார். எனினும் தீவுக்குப் போகிறவன் முதலில் அங்குள்ளார் மொழியைக் கேட்க வேண்டும் என்ற உண்மை கதைக்குள் தங்கிவிட்டது.

மகல் மொழியில் காயலின் ஒவ்வொரு பகுதிக்கும், அதில் திரியும் ஒவ்வொரு சிறுமீனுக்கும், அதை எந்தக் காற்றில் எங்குப் பிடிப்பது என்பதற்கும் பெயருண்டு. தமிழில் அத்தீவைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் பயணக் கட்டுரைகள். அவற்றுள் ஹொந்தெலியின் பெயர் தென்படுவதில்லை. 1885இல் ஆங்கிலேயர் கட்டிய வெண்ணிறக் கலங்கரை விளக்கம் எல்லாவற்றிலும் தென்படுகிறது. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் ஒருபுறம் கருநீலப் பெருங்கடலும் மறுபுறம் வெளிறிய காயலும் தெரியும். காயலுக்குள் விடியலில் நிற்கும் படகுகள் இரைமீன் பிடிக்க நிற்பவை. 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படையின் ஜடாயு தளம் அத்தீவில் தொடங்கப்பட்டது. பெரிய வானூர்தித் தளம் அமைப்பது பற்றியும் பேசப்பட்டு வருகிறது. அத்தனைக்கும் நடுவில், மீனவர்கள் காற்றின் திசை பார்த்து, காயலில் எந்தத் திட்டின் அருகே இன்று வலையைத் தாழ்த்துவது என்று கலந்து பேசிக்கொண்டிருக்கின்றனர்.